விமான மைல் காலாவதி: எந்தத் திட்டத்தில் நிம்மதியாகச் சேர்க்கலாம், எதில் தேதியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்

பறப்பதற்கு 'மைல்' அல்லது 'பாயிண்ட்' தந்து, பிறகு அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கவிடும் விமான நிறுவனங்களின் லாயல்டி திட்டங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எவ்வளவு மைல் சேரும், பிசினஸ் கிளாஸுக்கு எத்தனை மைல் ஆகும் என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. சேர்த்த மைல் கணக்கில் எத்தனை காலம் தங்கும் என்பது விதிமுறைப் பக்கத்தின் கீழ்க்கோடியில் கிடக்கும். மாதம் இரண்டு முறை பறப்பவர் அதைப் பார்க்காமலே காலம் தள்ளிவிடலாம். வருடத்துக்கு ஒரு முறையோ, இரண்டு வருடத்துக்கு ஒரு முறையோ பறப்பவருக்கு அந்தக் கீழ்க்கோடி வரிதான் முக்கியம். ஒரு டிக்கெட்டுக்குத் தேவையான மைல் சேர்வதற்கே அவருக்கு நாலைந்து வருடம் ஆகும். அதற்குள் முதலில் சேர்ந்தது போய்விட்டால், அவர் சேர்த்ததற்கு அர்த்தமே இல்லை.

அதனால் இங்கே அளவுகோல் ஒன்றுதான்: மைலைச் சாகவிடாமல் வைத்திருப்பது எந்தத் திட்டத்தில் எளிது, அதற்காகச் சொல்லப்படும் வழிகளில் எது உண்மையில் பலன் தரும்.

"ஏதாவது சின்னதாக ஒரு பரிவர்த்தனை செய்தால் போதும், மைல் பிழைத்துக்கொள்ளும்" என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. சில திட்டங்களில் இது முழுக்கச் சரி, சிலவற்றில் முழுக்கத் தவறு. தவறாகும் இடத்தில் இதை நம்பினால், மைலும் போகும், பரிவர்த்தனைக்குச் செலவழித்த காசும் போகும். காரணம், காலாவதிக் கணக்கு எல்லா நிறுவனத்திலும் ஒரே மாதிரி ஓடுவதில்லை.

செயல்பாட்டை வைத்து ஓடும் திட்டங்கள்

இந்த வகையில் கணக்கில் கடைசியாக ஏதாவது நடந்த நாளிலிருந்து காலம் எண்ணப்படும். ஒரு மைல் சேர்ந்தாலும் ஒரு மைல் செலவானாலும் மொத்த இருப்புக்கும் கெடு புதிதாகத் தொடங்கும். பத்து வருடத்துக்கு முன் சேர்ந்த மைலும் நேற்று சேர்ந்த மைலும் ஒரே தேதியில்தான் காலாவதியாகும்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ஏஅட்வான்டேஜில் இந்தக் கெடு 24 மாதம், 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கெடுவே இல்லை. ஏர் கனடாவின் ஏரோபிளானிலும் குவான்டாஸிலும் 18 மாதம், விர்ஜின் ஆஸ்திரேலியாவின் வெலாசிட்டியில் 24 மாதம். பிரிட்டிஷ் ஏர்வேஸிலும் கத்தார் ஏர்வேஸிலும் சேரும் ஏவியோஸுக்கு 36 மாதம். அவியான்காவின் லைஃப்மைல்ஸில் வெறும் 12 மாதம்தான், அதிலும் மைல் சேர்வதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அவ்வப்போது பறப்பவருக்கு இவற்றில் ஏவியோஸ்தான் சிறந்தது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு ஏவியோஸ் சேர்த்தால் போதும் என்பதைவிட இளக்கமான விதியைக் கெடு வைத்திருக்கும் நிறுவனத்திடம் எதிர்பார்க்க முடியாது. லைஃப்மைல்ஸ் இதற்கு நேர் எதிர். டிக்கெட் கண்ணில் பட்ட பிறகு கார்டு பாயிண்டை மைலாக மாற்றி உடனே செலவு செய்கிறவர்களுக்கு மட்டும் அது சரிப்படும்.

கேத்தே பசிபிக்கின் ஏஷியா மைல்ஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பு அங்கே சேர்ந்த நாளிலிருந்து மூன்று வருடம் என்று கறாரான கெடு இருந்தது. 2020 ஜனவரி 1 முதல் சேரும் மைலுக்கு 18 மாதச் செயல்பாட்டு விதியாக மாற்றினார்கள். 36-ஐ 18 ஆக்கிவிட்டார்களே என்று பார்த்தவுடன் தோன்றும். உண்மையில் உறுப்பினருக்கு லாபம்தான். மூன்று வருடக் கறார் கெடுவைப் புதிதாக மைல் சேர்த்துத் தள்ளிப்போட முடியாது. 18 மாதக் கெடுவைச் சின்ன வேலை ஒன்றைச் செய்து எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம்.

எது செயல்பாடாகக் கணக்கில் வராது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். செயலியில் லாகின் செய்வது, முகவரி மாற்றுவது, மின்னஞ்சலில் வரும் சலுகையைத் திறந்து பார்ப்பது, எதுவும் சேராது. டிக்கெட் எடுத்துவிட்டு இன்னும் பறக்காமல் இருப்பதும் சேராது, பறந்து முடித்து மைல் கணக்கில் ஏறிய பிறகுதான் அது செயல்பாடு. குடும்பத்துக்குள் பாயிண்ட் மாற்றுவதைக் குவான்டாஸ் செயல்பாடாக ஏற்பதில்லை. கணவர் கணக்கிலிருந்து மனைவி கணக்குக்கு ஆயிரம் பாயிண்ட் மாற்றிவிட்டு, கெடு தள்ளிப்போய்விட்டது என்று நிம்மதியாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஏவியோஸ் வைத்திருப்பவர்களும் பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், ஐபீரியா, ஃபின்னேர் கணக்குகளுக்கு இடையே மாற்றுவதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். எந்தக் கணக்கில் இருப்பு இருக்கிறதோ, அதே கணக்கில் புதிதாக ஒரு ஏவியோஸாவது சேர வழி செய்வதுதான் பாதுகாப்பு.

தேதி மாறாத திட்டங்கள்

இங்கே ஒவ்வொரு மைலுக்கும் பிறந்த தேதி உண்டு. புதிதாக எத்தனை மைல் சேர்ந்தாலும் பழைய மைலின் கெடு ஒரு நாள்கூட நகராது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் இதற்குச் சரியான உதாரணம். மைல் சேர்ந்த மாதத்திலிருந்து மூன்று வருடம் கழித்து அதே மாதத்தின் கடைசி நாள், சிங்கப்பூர் நேரப்படி இரவு 11.59 மணிக்குக் காலாவதி. 2024 மார்ச் 3 அன்று சேர்ந்ததும் மார்ச் 29 அன்று சேர்ந்ததும் 2027 மார்ச் 31 அன்று ஒன்றாகவே காலாவதியாகும். நேரத்தைக் கவனியுங்கள். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருப்பவருக்கு அந்த நள்ளிரவு தன் ஊர்க் கடிகாரத்தில் பல மணி நேரம் முன்னாலேயே வந்துவிடும். கடைசி நாள் மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் திறக்கும்போது இருப்பு குறைந்திருக்கும்.

லுஃப்தான்ஸாவின் மைல்ஸ் அண்ட் மோரிலும் 36 மாதம்தான். ஆனால் காலாவதி காலாண்டு முடிவில் விழும். 2024 பிப்ரவரியில் சேர்ந்தது 2027 மார்ச் 31 வரை இருக்கும். உயர்நிலை உறுப்பினராக இருந்தாலோ, அந்தத் திட்டத்தின் கிரெடிட் கார்டு வைத்திருந்தாலோ விலக்கு உண்டு. எமிரேட்ஸ் ஸ்கைவர்ட்ஸில் குறைந்தது மூன்று வருடம், அதன் பிறகு உங்கள் பிறந்த மாதம் முடியும்போது காலாவதி. இதில் ஒரு நன்மை இருக்கிறது: வருடத்துக்கு ஒரே ஒரு தேதியை நினைவில் வைத்தால் போதும், அதுவும் மறக்கவே முடியாத மாதம். ஜப்பானின் ஏஎன்ஏ, ஜேஏஎல் இரண்டிலும் 36 மாதம். மலேசியா ஏர்லைன்ஸின் என்ரிச்சிலும் மூன்று வருடம். இந்த வகையிலேயே தாராளமானது கொரியன் ஏர்தான்: 2008 ஜூலை முதல் சேர்ந்த மைலுக்குப் பத்து வருடம். பத்து வருடம் போதாது என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வராது.

கிரிஸ்ஃபிளையர் காசு வாங்கிக்கொண்டு கெடுவை நீட்டிக்கும். சாதாரண உறுப்பினருக்கு ஆறு மாத நீட்டிப்பு, ஒவ்வொரு 10,000 மைலுக்கும் 12 அமெரிக்க டாலர் அல்லது 1,200 மைல் கட்டணம். 40,000 மைல் போகப்போகிறது என்றால் 48 டாலர், இல்லையென்றால் 4,800 மைல். எதில் கட்டுவது? கணக்கு சுலபம். 1,200 மைலும் 12 டாலரும் சமம் என்றால் ஒரு மைலுக்கு ஒரு சென்ட் என்று அவர்களே விலை வைத்திருக்கிறார்கள். நீண்ட தூர பிசினஸ் கிளாஸுக்கு வாங்கும்போது ஒரு மைலில் ஒரு சென்டுக்கு மேல் எடுக்க முடியும். அந்த எண்ணம் இருப்பவர் டாலரில் கட்ட வேண்டும். சின்ன தூரத்து எகானமி டிக்கெட்டுக்கோ பொருள் வாங்கவோ செலவழிக்கப்போகிறவர் மைலில் கட்டலாம். ஆறு மாதத்துக்குள் எந்தப் பயணத்துக்குப் பயன்படுத்துவது என்று தெரியாதவர் இரண்டிலுமே கட்டக்கூடாது. நீட்டிப்பு ஒரு முறைதான், ஆறு மாதம் கழித்து அதே இடத்தில்தான் வந்து நிற்க வேண்டும்.

நீட்டிப்பைவிட நல்ல வழி ஒன்று பலர் கண்ணில் படுவதே இல்லை. மைல் உயிரோடு இருக்க வேண்டியது டிக்கெட் எடுக்கும் நாளில்தான், பறக்கும் நாளில் இல்லை. கிரிஸ்ஃபிளையரில் 355 நாள் முன்பே அவார்ட் டிக்கெட், அதாவது மைல் கொடுத்து எடுக்கும் டிக்கெட், போடலாம். மார்ச் 31 அன்று காலாவதியாகும் மைலை வைத்து மார்ச் 30 அன்று அடுத்த வருடம் மார்ச் நடுவில் பறக்க டிக்கெட் எடுக்கலாம். கட்டணம் எதுவும் இல்லாமல் கிட்டத்தட்ட ஒரு வருடம் கிடைத்த மாதிரி. டிக்கெட் எடுக்கும்போது பழைய மைல்தான் முதலில் கழியும் என்பதால் எதைச் செலவழிப்பது என்று தேர்ந்தெடுக்கும் வேலையும் இல்லை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த டிக்கெட்டை ஏப்ரலில் ரத்து செய்தால் மைல் திரும்பி வராது. கெடு தாண்டிய மைலை ரத்துக்குப் பிறகு கணக்கில் ஏற்ற மாட்டார்கள். பயணத் தேதியை மாற்றுவது வேறு, ரத்து செய்வது வேறு. தேதி மாற்றத்துக்கு டிக்கெட் அனுமதித்தால் மாற்றிக்கொள்ளுங்கள், ரத்துப் பொத்தானை மட்டும் தொடாதீர்கள். ரத்து செய்தே தீர வேண்டும் என்றால் காலாவதிக்கு முன் செய்து முடியுங்கள். மைலைக் காப்பாற்ற மட்டும் டிக்கெட் எடுத்துப் போட்டுவைப்பது இதனால்தான் ஆபத்து. போகும் எண்ணம் உண்மையிலேயே இருக்க வேண்டும்.

பறந்தால் மட்டும் நகரும் கெடு

இன்னொரு வகை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப்பில் 24 மாதத்துக்கு ஒரு முறை பறந்தால் பாயிண்ட் காலாவதியாகாது. ஏர் பிரான்ஸ், கேஎல்எம் நிறுவனங்களின் ஃபிளையிங் ப்ளூவிலும் அந்த இரண்டு நிறுவனங்களிலோ ஸ்கைடீம் கூட்டணியின் வேறு விமானத்திலோ பறந்தால் அடுத்த 24 மாதம் உறுதி. பறந்துகொண்டே இருப்பவருக்கு இது சௌகரியம். பறக்காமல் ஆன்லைனில் ஏதாவது வாங்கிக் கெடுவைத் தள்ளலாம் என்று நினைப்பவர் இந்த வகையில் விதிமுறையை வரி வரியாகப் படித்த பிறகே கையை வைக்க வேண்டும். கணக்கில் பாயிண்ட் ஏறுவதும் கெடு நகர்வதும் இங்கே வேறு வேறு. புதிய பாயிண்ட் ஏறியிருக்கும், பழைய தேதி அப்படியே இருக்கும்.

காலாவதியே இல்லை என்று சொல்பவை

டெல்டா 2011-லும் யுனைடெட் 2019 ஆகஸ்ட்டிலும் காலாவதியை எடுத்துவிட்டன. ஜெட்ப்ளூவிலும் விர்ஜின் அட்லான்டிக்கிலும் கெடு இல்லை. அவ்வப்போது பறப்பவருக்கு இது பெரிய நிம்மதி. இந்த ஒரு காரணத்துக்காகவே இவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

அதே சமயம் இந்த நிம்மதிக்கு ஒரு விலை இருக்கிறது. டெல்டா 2015-லேயே அவார்ட் விலைப்பட்டியலை எடுத்துவிட்டது, யுனைடெட் 2019 நவம்பரில் எடுத்தது. எந்த வழித்தடத்துக்கு எத்தனை மைல் என்பது இப்போது நாளுக்கு நாள் மாறும், முன்னறிவிப்பு கிடையாது. மைல் காலாவதியாகாது, ஆனால் அதே மைலுக்குக் கிடைக்கும் தூரம் குறையலாம். கெடு இல்லை என்பதற்காகப் பத்து வருடம் சும்மா விட்டுவைப்பது நல்ல யோசனை அல்ல. ஒரு டிக்கெட்டுக்குப் போதுமான அளவு சேர்ந்ததும் செலவழித்துவிடுவது மேல்.

மைல் சேரும் முன்பே தேர்ந்தெடுக்கலாம்

அதிகம் பேசப்படாத விஷயம் இது. எந்த விமானத்தில் பறக்கிறோமோ, அதே நிறுவனத்தின் கணக்கில்தான் மைல் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்த நிறுவனம் சேர்ந்திருக்கும் கூட்டணியில் உள்ள எந்த நிறுவனத்தின் கணக்கிலும் போடலாம். அப்படியென்றால், காலாவதி விதியையும் நாமே தேர்ந்தெடுக்கலாம்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலோ ஏஎன்ஏவிலோ பறக்கிறவர் மைலை யுனைடெட் கணக்கில் போட்டால் கெடுவே இல்லை, ஏரோபிளானில் போட்டால் 18 மாதச் செயல்பாட்டு விதி. இந்த நான்கு நிறுவனங்களுமே ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருக்கின்றன. ஜேஏஎல்லில் பறக்கிறவர் 36 மாதக் கறார் கெடுவைத் தவிர்த்து ஏவியோஸிலோ ஏஷியா மைல்ஸிலோ போடலாம். ஏர் பிரான்ஸில் பறக்கிறவர் டெல்டாவில் போடலாம். விர்ஜின் அட்லான்டிக்கும் 2023 மார்ச்சில் ஸ்கைடீமில் சேர்ந்துவிட்டது.

இதற்கு டிக்கெட் எடுக்கும்போதே அந்த நிறுவனத்தின் உறுப்பினர் எண்ணைக் கொடுக்க வேண்டும். முன்பே வேறு எண் கொடுத்திருந்தால் செக்-இன் கவுன்டரில் மாற்றச் சொல்லலாம். போர்டிங் பாஸ் கைக்கு வந்ததும் உங்கள் பெயருக்கு அருகில் அச்சாகியிருக்கும் உறுப்பினர் எண்ணையும் அதற்கு முன் இருக்கும் நிறுவனத்தின் இரண்டெழுத்துக் குறியீட்டையும் பாருங்கள். பழைய எண் அப்படியே இருந்தால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். ஏவியோஸ் போன்ற விதிவிலக்குகளைத் தவிர, ஒரு முறை ஒரு கணக்கில் ஏறிய மைலை எடுத்து வேறு நிறுவனத்தின் கணக்கில் போட முடியாது. மைல் ஏறும் வரை போர்டிங் பாஸைத் தூக்கிப்போட வேண்டாம். ஏறாமல் போனால் உரிமை கோருவதற்கு டிக்கெட் எண்ணும் அந்தத் துண்டும்தான் ஆதாரம்.

ஒரு எச்சரிக்கை. மலிவுக் கட்டண டிக்கெட்டுகளுக்குக் கூட்டணி நிறுவனத்தின் கணக்கில் மிகக் குறைந்த மைல்தான் சேரும், சில கட்டண வகைகளுக்கு எதுவுமே சேராது. டிக்கெட்டில் இருக்கும் கட்டண வகை எழுத்தைப் பார்த்து, மைல் போடப்போகும் நிறுவனத்தின் சேர்ப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். பாதி மைல்தான் சேரும் என்றாலும், மூன்று வருடத்தில் போய்விடும் முழு மைலைவிட அந்தப் பாதிக்கு மதிப்பு அதிகமாக இருக்கலாம்.

கெடுவைத் தள்ளும் வழிகள், ஒவ்வொன்றாக

இனி சொல்வதெல்லாம் செயல்பாட்டுக் கெடு உள்ள திட்டங்களுக்கு மட்டும். கிரிஸ்ஃபிளையருக்கோ ஏஎன்ஏவுக்கோ இவற்றில் எதைச் செய்தாலும் பழைய மைல் பிழைக்காது.

நிறுவனத்தின் ஷாப்பிங் போர்ட்டல் வழியாக ஏதாவது சின்னப் பொருள் வாங்குவதுதான் செலவில்லாத வழி. எப்படியும் வாங்க வேண்டிய பொருளைப் போர்ட்டலில் நுழைந்து, கடையின் பெயரைச் சொடுக்கி, அங்கிருந்து கடையின் தளத்துக்குப் போய் வாங்கினால் பாயிண்ட் சேரும். கேட்க எளிதுதான், ஆனால் கோளாறு அதிகம் நடப்பதும் இங்கேதான். விளம்பரத் தடுப்பான் ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் போர்ட்டலிலிருந்து வந்தீர்கள் என்பது கடைக்குத் தெரியாது. போர்ட்டலைச் சொடுக்கிய பிறகு வேறு டேபில் கூப்பன் தளம் எதையாவது திறந்தால் அந்த வருகை கூப்பன் தளத்தின் கணக்கில் போய்விடும். கூடையில் முன்பே பொருளைப் போட்டுவைத்துவிட்டுப் பிறகு போர்ட்டல் வழியாக வந்தாலும் சில கடைகளில் சேராது. கூடையைக் காலி செய்துவிட்டு, தடுப்பான் இல்லாத புதிய விண்டோவில், போர்ட்டலில் லாகின் செய்து, சொடுக்கி, ஒரே மூச்சில் வாங்கி முடிக்க வேண்டும். பரிசு அட்டைகளுக்குப் பெரும்பாலும் பாயிண்ட் கிடைக்காது. பொருளைத் திருப்பி அனுப்பினால் சேர்ந்த பாயிண்டும் திரும்பிப் போகும்.

போர்ட்டலின் பெரிய குறை தாமதம். பொருளைத் திருப்பித் தரும் காலம் முடியும் வரை கடை உறுதி சொல்லாது, அதனால் பாயிண்ட் கணக்கில் ஏற வாரக்கணக்கில் ஆகலாம். வாங்கிய தேதியை எடுப்பார்களா, ஏறிய தேதியை எடுப்பார்களா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஏறிய தேதிதான் என்று வைத்துக்கொண்டு மூன்று மாதம் முன்பே வாங்குவதுதான் பாதுகாப்பு. கெடுவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போர்ட்டலை நம்பக்கூடாது.

கிரெடிட் கார்டு பாயிண்டை விமானக் கணக்குக்கு மாற்றுவது வேகமான வழி. பல நிறுவனங்களுக்கு நிமிடங்களில் ஏறிவிடும், சிலவற்றுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். குறைந்தபட்சம் பெரும்பாலும் 1,000 பாயிண்ட். கார்டில் இருக்கும் பெயரும் உறுப்பினர் கணக்கில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஓரிடத்தில் இனிஷியல், இன்னோரிடத்தில் தந்தை பெயர் முழுதாக என்று வைத்திருப்பவர்களுக்கு மாற்றம் நிராகரிக்கப்படும். நம் பெயர்களில் இது அடிக்கடி நடக்கிற சங்கதி என்பதால், கெடு நெருங்குவதற்கு முன்பே இரண்டு பெயர்களையும் சரிபார்த்துத் திருத்தி வைத்துவிடுங்கள். மாற்றிய பாயிண்ட் கார்டுக்குத் திரும்பி வராது என்பதால் குறைந்தபட்ச அளவுக்கு மேல் மாற்ற வேண்டாம். கறார் கெடு உள்ள திட்டத்துக்கு இன்னும் ஒருபடி கவனம் வேண்டும். அங்கே கார்டிலிருந்து மாற்றிய நாளில்தான் மூன்று வருடக் கணக்கு தொடங்கும். அவார்ட் இருக்கை கண்ணில் படும் வரை பாயிண்டைக் கார்டிலேயே விட்டுவைப்பதுதான் சரி.

ஹோட்டல் பாயிண்ட் கையில் இருந்தால் அதையும் மாற்றலாம். மேரியட் பான்வாயில் 3,000 பாயிண்டுக்குப் பெரும்பாலான நிறுவனங்களில் 1,000 மைல். மதிப்பைப் பார்த்தால் நஷ்டம்தான், ஆனால் ஐம்பதாயிரம் மைலைக் காப்பாற்ற 3,000 பாயிண்ட் போவதில் தவறில்லை. மாற்றம் முடிய நாள்கணக்கில் ஆகும் என்பதை மறக்க வேண்டாம்.

நேரடியாக மைல் வாங்குவதுதான் கடைசி நேரக் கைகொடுப்பு. பல நிறுவனங்களுக்கு இந்த விற்பனையை நடத்துவது பாயிண்ட்ஸ் என்ற ஒரே நிறுவனம், 2022-ல் அதை ப்ளஸ்கிரேட் வாங்கிவிட்டது. அதனால் கார்டு பில்லில் விமான நிறுவனத்தின் பெயர் இல்லாமல் அவர்கள் பெயர் வந்தால் பதற வேண்டாம். பயணச் செலவுக்குக் கூடுதல் பாயிண்ட் தரும் கார்டில் வாங்கினாலும் அந்தக் கூடுதல் பெரும்பாலும் கிடைக்காது. விலை அதிகம், பணம் திரும்ப வராது. குறைந்தபட்ச அளவு மட்டும் வாங்குங்கள். பெரும்பாலும் அன்றே ஏறிவிடும் என்பதுதான் இதன் பலம். காப்பாற்ற வேண்டிய இருப்பு இரண்டாயிரம் மூவாயிரம் மைல்தான் என்றால் வாங்கவே வேண்டாம், போனால் போகட்டும்.

மைலைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பதைச் செலவழித்ததாக ஏற்கும் திட்டங்கள் உண்டு. காசு செலவில்லாமல் கெடுவும் நகரும், நல்ல காரியத்துக்கும் போகும். குறைந்தபட்ச அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்வதை மட்டும் கணக்கில் எடுக்கும் லைஃப்மைல்ஸ் மாதிரித் திட்டங்களில் இது உதவாது.

கண்காணிப்புச் செயலிகள்

பல திட்டங்களின் இருப்பையும் கெடுவையும் ஒரே இடத்தில் காட்டும் சேவைகளில் பழையதும் பெயர்பெற்றதும் அவார்ட்வாலட். பத்துப் பன்னிரண்டு திட்டங்களில் கணக்கு வைத்திருப்பவருக்கு உபயோகமான சேவைதான். இலவசப் பதிப்பில் ஒரு சில கெடுத் தேதிகளை மட்டும் காட்டும், எல்லாவற்றையும் பார்க்கக் கட்டணப் பதிப்பு வேண்டும். குடும்பத்தில் நாலு பேர் கணக்கையும் ஒருவர் கவனிக்கிறார் என்றால் கட்டணம் தகும். இரண்டு மூன்று கணக்கு மட்டும் வைத்திருப்பவருக்குத் தேவையில்லை.

அதன் பலவீனத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். விமான நிறுவனத்தின் தளத்தில் கெடுத் தேதி எழுதியிருந்தால் அதை எடுத்துக் காட்டும். எழுதியில்லாத திட்டங்களில் கடைசிச் செயல்பாட்டோடு மாதங்களைக் கூட்டித் தானே தேதி போடும். அந்தக் கடைசிச் செயல்பாடு கெடுவை நகர்த்தாத வகையாக இருந்தால், செயலி காட்டும் தேதி உண்மையைவிடத் தள்ளிப் போயிருக்கும். ஒருமுறைக் கடவுச்சொல் கேட்கும் தளங்களில் தானாகப் புதுப்பிக்க முடியாமல் பழைய தகவல் அப்படியே நிற்கும். கடைசியாகப் புதுப்பித்த தேதியைப் பார்க்காமல் கெடுத் தேதியை நம்ப வேண்டாம்.

கணக்குகள் குறைவாக இருந்தால் ஒரு விரிதாள் போதும். திட்டத்தின் பெயர், உறுப்பினர் எண், கெடு வகை, கடைசியாக மைல் ஏறிய தேதி, காலாவதித் தேதி என்று ஐந்து பத்தி. கறார் கெடு உள்ள திட்டத்துக்கு மட்டும் ஒவ்வொரு தொகுதி மைலுக்கும் தனி வரி வேண்டும். பிறகு கைபேசி நாட்காட்டியில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நினைவூட்டல்: கெடுவுக்கு 90 நாள் முன் ஒன்று, 30 நாள் முன் இன்னொன்று. முதலாவது போர்ட்டலில் வாங்குவதற்கு. இரண்டாவது அது ஏறியதா என்று பார்த்து, ஏறவில்லை என்றால் கார்டிலிருந்து மாற்றவோ மைல் வாங்கவோ. நிறுவனம் மின்னஞ்சலில் நினைவூட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விளம்பர மின்னஞ்சல்களை நிறுத்தியவர்களுக்கு அதுவும் வராமல் போகலாம்.

நிறுவனமே மாறிப்போனால்

எந்தக் கெடுவும் காப்பாற்றாத நிலைமை இது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. அதன் லாயல்டி திட்டம் தனி நிறுவனமாக இருந்ததால் பாயிண்ட் பிழைத்து, இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாறியது. ஆனால் எந்த விமானத்துக்காகச் சேர்த்தார்களோ அது இல்லை. அலிடாலியா 2021 அக்டோபரில் மூடியபோது புதிதாக வந்த ஐடிஏ ஏர்வேஸ் பழைய மைல்களை எடுத்துக்கொள்ளாமல் வொலாரே என்று தனித் திட்டம் தொடங்கியது. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தபோது பாயிண்ட்கள் ஏர் இந்தியாவின் திட்டத்துக்குப் போயின. இணைப்பு நடக்கும்போது பாயிண்ட் தப்பித்தாலும் கெடு விதி புதிய நிறுவனத்தினுடையதாகிவிடும். பழைய திட்டத்தில் குறித்துவைத்த தேதி செல்லாது. இணைப்புச் செய்தி வந்ததும் இரண்டு கணக்குகளிலும் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் மூன்றையும் ஒன்றாக்கி வையுங்கள், இருப்புப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். நிறுவனத்தின் பண நிலைமை மோசம் என்ற செய்தி வர ஆரம்பித்தால், கையில் இருக்கும் மைலுக்குக் கூட்டணியின் வேறு நிறுவன விமானத்தில் டிக்கெட் எடுத்துவிடுவதுதான் நல்லது.

காலாவதியாகிவிட்டால்

உடனே கைவிட வேண்டாம். ஏஅட்வான்டேஜ், ஏரோபிளான் போன்ற சில திட்டங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு மைலை மீட்டுத் தருகின்றன. அந்தக் கட்டணத்தைப் போன மைலின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு மைலுக்கு வரும் தொகை, அதே மைலைக் கொண்டு எடுக்க நினைக்கும் டிக்கெட்டின் காசு விலையில் ஒரு மைலுக்கு வரும் தொகையைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் கட்டுங்கள். கட்டும் முன் வாடிக்கையாளர் சேவையிடம் ஒரு முறை எழுத்தில் கேளுங்கள். காலாவதிக்கு முன்பே பறந்த பயணம் ஏதாவது கணக்கில் ஏறாமல் விட்டுப்போயிருந்தால் டிக்கெட் எண்ணோடு அதைச் சொல்லுங்கள். அந்தப் பயணம் அதன் உண்மையான தேதியில் ஏறினால் கெடு முடியவே இல்லை என்று ஆகும், மீட்புக் கட்டணமும் கேட்க இடமில்லை. போர்ட்டலில் வாங்கியது ஏறாமல் நின்றிருந்தாலும் கடையின் ஆர்டர் எண்ணையும் தேதியையும் காட்டி இதே மாதிரி கேட்கலாம். மீட்டு வந்த மைலுக்குப் புதிய கெடு எப்போது தொடங்குகிறது என்பதை அதே மின்னஞ்சலில் எழுதி வாங்கி, விரிதாளில் அன்றே பதிந்துவிடுங்கள்.